அசிடே என்றொரு ஆள்

அந்தப் பெயரை முதலில் வாசித்தவர் லாண்டரிக்காரர்தான். அதுவரை அப்படி ஓர் ஆள் தங்கள் வீட்டில் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

மூன்று நாளாக விடாத மழை. வெளியே காயப்போட வழியில்லாததால் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருந்தார். ஓட்டல் படுக்கை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. மூலையில் விரிப்புகளைத் தேய்க்கும் ரோலர் மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஈரமும் கஞ்சியும் சூடும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை அவர் சட்டையில் மட்டுமல்ல, அவர் மகளின் பாடப் புத்தகங்களிலும் ஏறியிருந்தது.

மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்ததும் யூனிஃபார்ம் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொள்வாள். மறுமுனைகள் அப்பாவிடம். இழு, உதறு, இரண்டாக மடி. மூன்று எட்டு முன்னால் வந்து முனைகளை அவர் கையில் ஒப்படை. குனிந்து கீழ்மடிப்பை எடு. மறுபடி பின்னால் போ. ஒரு விரிப்புக்கு நாலு நடை.

முன்பெல்லாம் அந்தப் பக்கம் நின்றவள் அவர் மனைவி. அவள் வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. போன மறுவாரமே லாண்டரிக்காரர் சுவரில் இரண்டு கொக்கி அடித்தார். மகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு அதுதான் துணை. அவருடைய மனைவியின் தோள் உயரம் எவ்வளவோ, கொக்கியும் அவ்வளவு உயரம். அளவெல்லாம் எடுக்கவில்லை, கை தானாக அங்கே போனது. ஒரே குறை. மனைவி என்றால் அவள் மூன்று எட்டு வைப்பாள், இவர் மூன்று எட்டு வைப்பார். கொக்கி முன்னால் வராது. ஆறு எட்டும் இவரே நடக்க வேண்டும்.

இப்போது மகளோடு மடித்துக்கொண்டிருந்தார். கயிற்றில் இரண்டு கிளிப் போட்டு ஒரு புத்தகம் தொங்கியது. இங்கிலீஷ் பாடத்தில் வரும் பழைய நாடகம். எழுதி நானூறு வருஷம் ஆகிறதாம். வகுப்பில் ஆளுக்கொரு வேஷம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். இவளுக்கு மந்திரி வேஷம். வீட்டில் ராஜா இல்லாததால் அப்பாவையே ராஜா ஆக்கிவிட்டாள். ராஜாவின் வசனங்களுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள்.

லாண்டரிக்காரருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். ஓட்டல் சீட்டில் வரும் டவல், பெட்ஷீட், ஸ்டெயின் எல்லாம் அவர் வாசித்துவிடுவார். அதற்கு மேலே என்றால் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் போவார்.

"பாப்பா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கப்பா. முனையை விட்டுடாதீங்க."

"யாரு இந்த அசிடே?"

"யாரு?"

"அசிடே. உன் மந்திரி பேச்சுல ரெண்டு வரிக்கு ஒருவாட்டி வந்துடறான். போன பக்கத்துல சேனாபதி கூடவும் வந்தான். பேரை மட்டும் போட்டிருக்கு, எங்கேர்ந்து வர்றான், எங்க போறான்னு ஒண்ணும் இல்ல. ஒருத்தரும் அவனுக்குப் பதிலும் சொல்ல மாட்டேங்கிறாங்க, பாவம்."

மகள் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் விரிப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

"அப்பா... அது அசிடே இல்லப்பா. ஏ, எஸ், ஐ, டி, ஈ. அசைட். அது ஆள் இல்ல."

"பின்ன?"

"அசைட்னா, மேடையில எல்லாரும் பக்கத்துலயே நிப்பாங்க. ஆனா இவரு இப்ப சொல்றது அவங்களுக்குக் கேக்காது. பாக்கற நமக்கு மட்டும்தான் கேக்கும். மனசுல இருக்கறதைச் சொல்லிடறது. இப்ப பாருங்க, நான் கிழவன் ஆயிட்டேனான்னு ராஜா கேக்கறாரு. சூரியனுக்கு ஏது வயசு மன்னான்னு மந்திரி சொல்றாரு. அப்புறம் திரும்பி நின்னு, மேகம் வந்தா சூரியனும் வீட்டுக்குத்தான்னு சொல்றாரு. அந்த ரெண்டாவது பேச்சுக்குத்தான் அசைட்."

"ஒரு முழம் தள்ளி நிக்கிறவன் காதுல அது விழாதாக்கும்? ராஜா என்ன, உங்க அத்தை மாதிரி செவிடா?"

"யாருடா செவிடு?" என்று கல்லாப் பக்கமிருந்து குரல் வந்தது.

லாண்டரிக்காரரின் அக்கா. கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு இருப்பவள். துணி வாங்கிச் சீட்டு எழுதுவது அவள் வேலை. வந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் 'என்ன, மூணு சட்டையா?' என்று கேட்பவளுக்கு, தன்னைப் பற்றிய பேச்சு மட்டும் சுவரைத் தாண்டியும் கேட்கும்.

"உன்னைச் சொல்லலக்கா. அசிடேன்னு ஒருத்தன். அவனைச் சொன்னேன்."

"அவன் சட்டை ரெடியாகலைன்னு சொல்லு. மழை விடட்டும்."

அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பில் விரிப்பு கசங்கி, மறுபடி ரோலருக்குப் போயிற்று. அம்மா போன பிறகு மகள் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. வகுப்பிலும் அவள் வாயைத் திறக்காத பெண் என்று பெயர். இந்த மந்திரி வந்த பிறகுதான் நடக்கும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ் கடைக்காரர் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். ஊரில் யாருக்கு எந்த மனு வேண்டுமானாலும் அவர்தான் எழுதுவார். தண்ணீர் வராவிட்டாலும் மனு, தண்ணீர் அதிகம் வந்தாலும் மனு. அவர் மகனும் இதே பதினொன்றாம் வகுப்பு.

"அண்ணே, நாப்பத்திரண்டு கையெழுத்து ஆச்சு! செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மீட்டிங். நீங்கதான் பேசணும்."

"நானா? நீங்கதானே தம்பி நல்லாப் பேசுவீங்க."

"நான் பேசினா மனுக்காரன் வந்துட்டான்னு காதைப் பொத்திக்குவாங்க. உங்ககிட்ட அனுபவம் இருக்கு. அது சும்மா இல்லண்ணே, அடிபட்ட அனுபவம்."

"என்ன மனு?" என்றாள் மகள்.

"உனக்குத் தெரியாதா பாப்பா? இங்கிலீஷ் பீரியட்ல இந்தப் பழைய நாடகத்தை எடுத்துட்டு, பேசற இங்கிலீஷ் சொல்லிக் குடுங்கன்னு மனு. முதல் கையெழுத்தே உங்க அப்பாதான்!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ரோலரைப் பார்த்தார்.

"போன வாரம் போட்டது பாப்பா," என்றார். "உனக்கு இந்த வேஷம் குடுக்கறதுக்கு முன்னால."

"இப்ப வேஷம் குடுத்துட்டாங்களே."

"உன் நல்லதுக்குத்தான். உங்க அம்மா கதை உனக்குத் தெரியும்ல?"

தெரியும். போன வருஷம் வேலை செய்யும் இடத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல். மேலதிகாரியிடம் லீவு கேட்கவில்லை. முழு ஷிஃப்டும் வேலை செய்து, மாடிப்படியில் மயங்கி விழுந்திருக்கிறாள். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னதால்தான் இரண்டு வாரம் கழித்து இவர்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து லாண்டரிக்காரருக்கு ஒரே முடிவு. காய்ச்சல் என்று சொல்ல அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கதையும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள், 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லிக் கொடுக்கவில்லை. தன் மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது.

மகள் தன் கையிலிருந்த அடுத்த விரிப்பின் இரண்டு முனைகளையும் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினாள். புத்தகத்தைக் கயிற்றிலிருந்து கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பசங்க அப்படித்தாண்ணே," என்றார் ஜெராக்ஸ்காரர். "நாளைக்கு நன்றி சொல்லுவாங்க."

லாண்டரிக்காரர் ஆறு எட்டு நடந்து கொக்கியிடம் போனார்.

*

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அம்மாவின் போன் வரும். அவளுக்கு அது காலை டீ நேரம்.

போனை இஸ்திரி மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போடுவது வழக்கம். அப்படிப் போட்டால்தான் அத்தைக்குக் கேட்கும். அதனால் புருஷன் பெண்டாட்டி பேச்சு என்று தனியாக ஒன்று அந்த வீட்டில் நாலு வருஷமாகக் கிடையாது. துணி வாங்க வந்தவர்கள்கூட நின்று, 'நல்லா இருக்கீங்களா?' என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"என்னங்க, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நீ?"

"நல்லா இருக்கேன். அண்ணி?"

"நல்லா இருக்கேன்மா!" என்று அத்தை போனுக்குள் இறங்குவதுபோல் குனிந்து கத்தினாள். "இருமலா உனக்கு?"

"இல்ல அண்ணி, தண்ணி குடிச்சேன், புரை ஏறிடுச்சு. பாப்பா எங்க?"

"இருக்கேம்மா. நல்லா இருக்கேன்."

மழையில் துணி காயாதது, அங்கே குளிர், அந்த இல்லத்தில் ஒரு கிழவி தினமும் காலையில் இவளை யார் என்று புதிதாகக் கேட்பது. பேச்சு இப்படியே பத்து நிமிஷம் போயிற்று. பிறகு அம்மா குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏங்க, இந்த மாசத்தோட என் ஒப்பந்தம் முடியுது. இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறியான்னு கேக்கறாங்க. புதன்கிழமை பதில் சொல்லணும்."

கடைக்குள் ரோலர் மட்டும் பேசியது.

"நீங்க என்ன சொல்றீங்க?"

லாண்டரிக்காரர் மேஜை விளிம்பைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. "உன் இஷ்டம்," என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. பாப்பா மேல்படிப்பு இருக்கே. அதுக்காகத்தானே வந்தது. உங்களுக்குச் சரின்னா எனக்குச் சரி."

"உனக்குச் சரின்னா எனக்கும் சரி."

"அப்ப... சரிங்க."

"சரி."

அத்தைக்கு எல்லாம் கேட்டது. ஆனாலும், "என்ன முடிவாச்சு?" என்று கேட்டாள்.

மகள் போன் பக்கம் வந்தாள். "அம்மா, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்குக் காய்ச்சல் வந்துச்சே. சூப்பர்வைசர் உங்கிட்ட வந்து கேக்கவே இல்லையா?"

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லேன்."

"கேட்டாங்களே. முகம் ஏன் இப்படி இருக்கு, ஹவ் ஆர் யூன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஐ யாம் ஃபைன்னு சொன்னேன்."

"காய்ச்சல்னு சொல்ல இங்கிலீஷ் வரலையா உனக்கு?" என்றார் லாண்டரிக்காரர். வருஷம் முழுக்க அவர் நெஞ்சில் வைத்திருந்த கேள்வி.

"அடப் போங்க. ஐ ஹாவ் ஃபீவர். இது தெரியாதா எனக்கு? இங்க ஒரு நாளைக்கு இருபது பேருக்குக் காய்ச்சல் பாக்கறேன். வாய்ல என்னமோ ஃபைன்னுதான் வந்துச்சு. அதுவே பழகிடுச்சுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. இந்த முறை தண்ணீர் குடித்ததாக அவள் சொல்லவில்லை.

போன் வைத்த பிறகு லாண்டரிக்காரர் வெகுநேரம் கருகிப்போன ஒரு காலரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மகள் பின்னால் வந்து நின்றாள். நாலு நாளாக அவரோடு சரியாகப் பேசாதவள்.

"அப்பா."

"ம்."

"உன் இஷ்டம்னு சொன்னது நீங்க. அசிடே என்ன சொன்னாரு?"

அவர் திரும்பவில்லை. "போய்ச் சாப்பிடு. முட்டை வேகவச்சிருக்கு," என்றார்.

*

செவ்வாய்க்கிழமை நாலு மணி. பதினொன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகளின் பெஞ்சில் பெற்றவர்கள் முழங்கால் முட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் குடைகள் மூலையில் சாய்ந்து குட்டைகட்டின. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகளின் தலைகள். லாண்டரிக்காரர் நல்ல சட்டை போட்டிருந்தார். ஊர் சட்டையையெல்லாம் தேய்ப்பவர் தன் சட்டையைத் தேய்க்க மறந்திருந்தார்.

ஜெராக்ஸ்காரர் மனுவை வாசித்தார். வாசித்துவிட்டுச் சும்மா உட்காரவில்லை.

"சார், நானூறு வருஷத்துக்கு முன்னால செத்த ராஜா என் பையனுக்கு வேலை குடுப்பானா? அந்த நாடகத்துல இருக்கற இங்கிலீஷை இன்னைக்கு இங்கிலீஷ்காரனே பேசறதில்ல. நாளைக்கு என் பையன் ஒரு கம்பெனில போன் எடுத்து, மாமன்னா, தங்கள் மேன்மைக்கு என்ன வேண்டும்னு கேட்டா எவன் சார் பொருள் வாங்குவான்?"

சிரிப்பும் கைதட்டலும். இங்கிலீஷ் டீச்சரும் சிரித்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண். சாக்பீஸ் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க கேக்கறது நியாயம்தான். லீவு லெட்டர், இன்டர்வியூ, போன்ல பேசறது எல்லாம் முதல் மூணு மாசத்துலயே சொல்லிக் குடுத்தாச்சு. நாப்பத்தஞ்சு பேரும் லீவு லெட்டர் எழுதினாங்க. நாப்பத்தஞ்சு பேருக்கும் வயித்து வலி. ஒரு எழுத்துகூட மாறல. எனக்கு ஒரே ஒரு பீரியட்தான் இருக்கு. அதையும் லீவு லெட்டருக்கே குடுத்துட்டா, வயித்து வலியைத் தவிர வேற என்ன வலி இருக்குன்னு சொல்ல எங்க இடம்? இந்த நாடகம் கஷ்டம்தான். எனக்கே சில இடம் அகராதி பாத்தாதான் புரியுது. இதைப் படிச்சா வேலை கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லக்கூடாதுல்ல."

"அப்ப எடுத்துடுங்க!" என்றது ஒரு குரல்.

ஹெட்மாஸ்டர் கையமர்த்தினார். "மனுவுல முதல் கையெழுத்துப் போட்டவர் பேசட்டும்."

லாண்டரிக்காரர் எழுந்தார். எழும்போது பெஞ்சும் கூடவே எழுந்தது. ஜெராக்ஸ்காரர் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்த்தார். நாலாக மடித்தார். மடிப்பு கத்தி மாதிரி நேராக இருந்தது. அதற்கு மேல் மடிக்க வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்.

"கையெழுத்து நான் போட்டதுதான். இல்லைன்னு சொல்லல. என் வீட்டுக்காரி வெளிநாட்ல இருக்கா. காய்ச்சலோட வேலை செஞ்சு படியில விழுந்தா. சொல்ல இங்கிலீஷ் வரலைன்னு நினைச்சேன். அந்த ஆத்திரத்துலதான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்படிச் சொல்லுங்கண்ணே," என்றார் ஜெராக்ஸ்காரர்.

"ஞாயித்துக்கிழமை கேட்டேன். இங்கிலீஷ் வரும்கிறா. காய்ச்சலுக்கு என்ன சொல்லணும்னு நல்லாவே தெரியும்கிறா. ஆனா ஹவ் ஆர் யூன்னு கேட்டதும் ஐ யாம் ஃபைன்னு சொல்லிட்டா. ஏன் சொன்னா? அவளும் நானும் இதே மாதிரி ஸ்கூல்ல, இதே மாதிரி பெஞ்சுல உக்காந்து படிச்சவங்கதான். ஹவ் ஆர் யூன்னா ஐ யாம் ஃபைன். அதுதான் முதல் பாடம். வேற பதில் சொன்னா மார்க் கிடையாது. அந்த ஒரு பாடம் எங்களுக்கு நல்லாப் படிஞ்சிடுச்சுங்க. கறை மாதிரி. எவ்வளவு துவைச்சாலும் போகல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"அண்ணே, நீங்க நம்ம பக்கமா, டீச்சர் பக்கமா?"

"எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல தம்பி. அந்த நாடகத்துல ஒருத்தன் வர்றான். அசிடேன்னு பேரு."

ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை சட்டென்று கீழே மறைந்தது. டீச்சர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அவர் கை வாய்க்குப் போனது. அவர் சிரிக்கவில்லை.

"ஆளு இல்லையாம், என் பொண்ணு சொல்லிச்சு. எனக்கு அவன் ஆளுதான். ராஜா, மந்திரி எல்லார் பக்கத்துலயும் நிக்கிறான். வாய் ஒண்ணு சொல்லும், இவன் நிஜத்தைச் சொல்லுவான். எங்க காலத்துல எங்களுக்கு அவனைக் காட்டிக் குடுத்தவங்க யாரும் இல்ல. லீவு லெட்டர் சொல்லிக் குடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா இவனையும் வெளிய அனுப்பிட்டு வெறும் இங்கிலீஷை மட்டும் சொல்லிக் குடுத்தா, புள்ளைங்க ஃபைன், ஃபைன்னு சொல்லிக்கிட்டே கீழ விழும். அவ்வளவுதாங்க எனக்குத் தெரிஞ்சது."

உட்கார்ந்துவிட்டார். பெஞ்சும் உட்கார்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. பின்பெஞ்சில் ஓர் அம்மாள் மட்டும் பக்கத்திலிருந்த கணவரை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் தன் குடையைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பாடம் பாதியில் இருப்பதால் இந்த வருஷம் நாடகம் முடியட்டும், அடுத்த வருஷத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். மனுவை மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அந்த இழுப்பறைக்குள் போன எதுவும் இதுவரை வெளியே வந்ததில்லை.

வாசலில் ஜெராக்ஸ்காரர் பிடித்துக்கொண்டார். "எத்தனை காப்பி எடுத்தேன் தெரியுமாண்ணே? கடைசில கவுத்துட்டீங்களே!"

"தப்பாயிடுச்சு தம்பி."

"தப்பு இருக்கட்டும்." குடையை விரித்தவர், உடனே போகவில்லை. "அந்தப் பய பேரு என்ன சொன்னீங்க? அசிடே?"

"ம்."

"என் பையன்கிட்ட கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

மகள் கேட் அருகே நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மானத்தை வாங்கிட்டீங்க. இனிமே கிளாஸ்ல எல்லாரும் என்னை அசிடேன்னுதான் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். நல்ல பேருதான்."

அவள் அவருடைய குடைக்குள் வந்து நுழைந்தாள். கடைத்தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. நாளை புதன்கிழமை.

*

கடைக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஞாயிறு தவிர மற்ற நாளில் அந்த மேஜையில் போன் வைத்ததில்லை. அங்கே இது மதிய இடைவேளை. பழக்கத்தில் விரல் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னங்க? இந்த நேரத்துல? யாருக்காவது உடம்பு..."

"எல்லாரும் நல்லா இருக்கோம்."

"பின்ன?"

லாண்டரிக்காரர் அக்காவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. மகள்தான் ஓசைப்படாமல் போய் ரோலரை நிறுத்தினாள்.

"இப்ப பேசப்போறது நான் இல்ல. அசிடே."

"யாருங்க அது?"

"நம்ம வீட்ல ஒருத்தன் இருக்கான். ரொம்ப நாளா இருக்கானாம், போன வாரம்தான் எனக்குத் தெரிஞ்சது. அவன் பேசறது பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கேக்காது. அதுதான் விதி. அக்காவுக்குக் கேக்காது, பாப்பாவுக்குக் கேக்காது. உனக்கு மட்டும்தான் கேக்கும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றாள் அத்தை. "நீ பேசுடா."

அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அங்கே கொக்கி இருந்தது.

"உன் தோள் உயரத்துக்கு ரெண்டு கொக்கி அடிச்சு வச்சிருக்கேன். நாலு வருஷமா அதோடதான் துணி மடிக்கிறேன். அது முன்னால வரவே மாட்டேங்குது. எப்பவும் நான்தான் நடக்கறேன். கால் வலிக்குது." ஒரு கொக்கியை விரலால் தொட்டார். "நீ கையெழுத்துப் போடாதேன்னு அசிடே சொல்றான். பாப்பா படிப்பை எப்படியோ பாத்துக்கலாம்கிறான். வந்துடுன்னு சொல்றான்."

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம். ஒரு கதவு திறந்து மூடியது. எங்கோ தண்ணீர்க் குழாய் திறந்தது.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்." குரல் மாறியிருந்தது. "ஏங்க, உங்ககிட்ட மட்டும்தான் அப்படி ஒருத்தன் இருக்கான்னு நினைச்சீங்களா? இங்கயும் ஒருத்தி இருக்கா. இந்தக் குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டாத்தான் வாயைத் திறப்பா. நாலு வருஷமா நான் ஒருத்திதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"என்ன சொல்லுவா?"

"தண்ணியை நிறுத்திட்டுச் சொல்றேன்," என்றாள். குழாய் நின்றது. "வீட்டுக்குப் போகணும்னு சொல்லுவா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டா. தினமும் அதையேதான்."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்கு எதுவும் கேட்கவில்லை என்பதற்கு அடையாளமாகச் சீட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினாள்.

"பாப்பா," என்றாள் அம்மா. "நாளைக்கு ஆபீஸ்ல உக்கார வச்சு, என்ன முடிவுன்னு கேப்பாங்க. எனக்கு அங்க போனா பயத்துல ஃபைன்னுதான் வரும். எப்படிச் சொல்லணும், சொல்லிக் குடு."

"என்ன சொல்லணும் உனக்கு?"

"அதான் சொன்னேனே."

"ஐ வாண்ட் டு கோ ஹோம்."

"ஐ வாண்ட்... முன்னால ஐ யாம் ஃபைன் சேத்துக்கட்டா? ஒரு மரியாதைக்கு?"

"வேண்டாம்மா. ஃபைன் வேண்டாம். இது மட்டும் சொல்லு. மெதுவா சொல்லாதே, அவங்களுக்குக் கேக்கணும்."

"ஐ வாண்ட் டு கோ ஹோம்."

"இன்னும் சத்தமா."

"ஐ வாண்ட் டு கோ ஹோம்!"

ரோலர் நின்றுபோன கடையில், தொங்கும் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே, அந்தக் குரல் மூன்றாவது முறை, நாலாவது முறை என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவாக, கொஞ்சம் பக்கத்தில்.

அத்தையால் அதற்கு மேல் விதியைக் காப்பாற்ற முடியவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கிலீஷ்ல என்னடா சொல்றா? நல்லா இருக்காளாமா?"

லாண்டரிக்காரர் திரும்பினார். நாலு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத ஒரு சிரிப்பு இருந்தது.

"இல்லக்கா," என்றார். "நல்லா இல்லையாம்."